மலையம்மாவிடம் கேட்ட இருபது மீற்றர்

பெப்ரவரி மாதத்து முதல் சனிக்கிழமை நான் அடித்த கோல்ஃப் பந்து ஓடையைத் தாண்டவில்லை. நாணலுக்குள் விழுந்து காணாமல் போனது. மூன்று மாதமாகத் தடியைத் தொடவில்லை, கை இறுகிக் கிடக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இரண்டாவது பந்தை வைத்தேன். அதுவும் நாணலுக்குள். மூன்றாவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தேன். அது மற்ற இரண்டையும்விடக் கிட்டவே விழுந்தது.

நான் வேலை செய்கிற வீட்டு அம்மா, சிஞ்ஞோரா, ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். அவர் நாணலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இத்தாலியில், பலெர்மோ நகரத்து லிபெர்த்தா வீதிப் பக்கத்து வீடொன்றில் பதினாறு வருஷமாக வேலை செய்கிறேன். கூட்டுவது, துடைப்பது, சமைப்பது, சிஞ்ஞோராவின் மருந்துகளை நேரத்துக்கு எடுத்துக்கொடுப்பது எல்லாம் நான்தான். அவருக்கு எழுபத்துநாலு வயது. முன்னர் மருந்துக்கடை வைத்திருந்தவர். புருஷன் போய்விட்டார், பிள்ளைகள் மிலானோவில். கோப்பி சூடாக இருக்கவேண்டும், சனிக்கிழமை கோல்ஃப் விளையாடவேண்டும், இந்த இரண்டும் நடந்தால் அவர் என்னோடு சண்டைக்கு வரமாட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். அதனால்தான் பதினாறு வருஷம் ஒத்துப்போனது என்று நினைக்கிறேன். அவர் பேசுவது இத்தாலியன். என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதுகிறேன்.

மைதானம் சியாகுல்லி என்கிற இடத்து மந்தரீன் தோடம்பழத் தோட்டங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரிய இடமில்லை, ஒன்பது குழிதான். தடிகள் உள்ள பையை ஒரு சின்ன வண்டிலில் வைத்து இழுத்துக்கொண்டு சிஞ்ஞோராவின் பின்னால் நடப்பது என் வேலையாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னர் ஒருநாள், முன்னால் விளையாடுகிறவர்கள் நகரும்வரை காத்துக்கொண்டு நின்றபோது, அவருக்கு அலுப்புத் தட்டியது. ஒரு பந்தை என் முன்னால் போட்டு, "அடிச்சுப் பார்" என்றார். அடித்தேன். அது எழும்பிப் போன போக்கைக் கண்டு எனக்கே பயமாகிவிட்டது, யாருடைய தலையிலாவது விழுமோ என்று. சிஞ்ஞோரா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னொருக்கால் அடி."

அன்றைக்கு ஒன்பது பந்து அடிக்கவிட்டார். அடுத்த சனிக்கிழமை தன் பழைய தடிகளில் ஐந்தை எனக்கென்று கட்டிவைத்திருந்தார். அந்த ஐந்தில் ஏழாம் நம்பர் இரும்புத்தடிதான் என் கைக்கு வாய்த்தது. அதால் அடித்தால் நூற்றுப்பதினைந்து மீற்றர் நேராகப் போகும், விழுந்த இடத்தில் நிற்கும். அதைவிட நீளமான தடிகளைத் தொட்டால் பந்து மந்தரீன் மரத்தில் போய் இருக்கும். தோட்டக்காரர் இரண்டு தரம் வந்து சத்தம் போட்டிருக்கிறார்.

எல்லாம் கைப்பலம் என்றுதான் நான் சொல்லித் திரிந்தேன். இரட்டைக் கட்டில் மெத்தையைத் தனியாகப் புரட்டுகிற கை. கோயில் பொங்கலுக்கு நாற்பது தேங்காய் துருவுகிற கை. என் மனுஷன் ஆட்களுக்கு முன்னால் பகிடி விடுவார். "வீட்டிலை எனக்கு விழவேண்டிய அடியெல்லாம் அங்கை பந்துக்கு விழுது." அவர் வியா மக்வேதா என்கிற தெருவில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். கோல்ஃப் பந்தைக் கண்ணால் கண்டதில்லை, ஆனால் என் மனுஷி நூற்றுப்பதினைந்து மீற்றர் அடிப்பாள் என்று அந்தக் குசினியில் தெரியாத ஆள் இல்லை.

ஏப்ரலில் அந்த மைதானத்தில் சோடிப் போட்டி நடக்கும். அங்கத்தவர் ஒருவர் தனக்கு விருப்பமான ஒருவரைச் சோடியாகக் கூட்டிவரலாம். இரண்டு பேருக்கும் ஒரே பந்து, மாறி மாறி அடிக்கவேண்டும். ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை இருவரும் முறைவைத்து எடுக்கவேண்டும். ஒன்று, மூன்று, ஐந்து என்று சிஞ்ஞோரா எடுப்பார். இரண்டு, நாலு, ஆறு என்னுடையவை. அந்த ஆறாவதில்தான் ஓடை குறுக்கே கிடக்கிறது. தண்ணீர் பேருக்குத்தான் ஓடும். மற்றதெல்லாம் நாணலும் கள்ளியும். அக்கரை நூற்றைந்து மீற்றரில் தொடங்குகிறது, கொடி நிற்கிற புல்லு அதற்கு ஒட்டினாற்போல. தாண்டினால் பாதி வெற்றி. தாண்டாவிட்டால் அந்த ஒரு குழியிலேயே கதை முடிந்தது.

போன வருஷம் எங்கள் பெயர்கள் பலகையில் இரண்டாவதாக இருந்தன. ஓர் அடி குறைவாக அடித்து முடித்து எங்களை வென்றவர் சிஞ்ஞோராவின் மச்சாள், அதாவது இறந்துபோன புருஷனின் தங்கச்சி. அந்தப் பலகையில் என் பெயரை எழுதியவர் எழுத்துப்பிழை விட்டிருந்தார். அது எனக்குப் பரவாயில்லை. வண்டிலை இழுக்கிறவளின் பெயரை யாரும் பலகையில் பிழையாகக்கூட எழுதுவதில்லை.

பிறகு குளிர்காலம் வந்தது. நவம்பரில் சிஞ்ஞோரா குளியலறையில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். தை மாதம்வரை மாவுக்கட்டு. அவருக்கு வெளியே போகமுடியாத கோபம், எனக்கு அவருடைய கோபத்தோடு உள்ளே இருக்கிற கோபம். மழை பெய்தது. நானும் அவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து, மிலானோவிலிருந்து வந்த பனெத்தோனே கேக்குகளை ஒவ்வொன்றாக முடித்தோம். ஐந்து பெட்டி. எங்கள் வீட்டிலும் அதற்குச் சற்று முன்னர், ஒக்டோபரில், ஒரு மாற்றம் நடந்திருந்தது. என் மனுஷன் கார் வாங்கினார். பழைய கார்தான், சாம்பல் நிறம், ஒரு பக்கக் கதவு உள்ளேயிருந்து மட்டும் திறக்கும். ஆனால் எங்கள் பரம்பரையில் முதல் கார். அவர் அதைக் கழுவுகிற மாதிரிப் பிள்ளைகளைக்கூடக் குளிப்பாட்டியதில்லை.

அந்தக் காருக்கும் என் பந்துக்கும் என்ன தொடர்பென்று பெப்ரவரியில் எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். மூன்று பந்தும் தொண்ணூற்றைந்து மீற்றர் அடையாளக் கட்டைக்குக் கிட்ட விழுந்தன. இருபது மீற்றரைக் காணவில்லை.

அன்று மைதானத்துக் கோப்பிக்கடையில் மச்சாள் எங்களுக்காகக் காத்திருந்தார். வெள்ளைச் சப்பாத்து, வெள்ளைத் தொப்பி. ஆறாவது குழியை அங்கிருந்து பார்த்தால் தெரியும்.

"எல்லாம் பார்த்தன்," என்றார் சிஞ்ஞோராவிடம். "பாவம், வயது போகுதுதானே. எங்கடை பக்கத்து வீட்டுப் பல் டாக்குத்தர் சோடி இல்லாமல் இருக்கிறார். கேட்டால் உன்னோடை வருவார். இவள் முந்தி மாதிரி வண்டிலை இழுக்கட்டும், அது அவளுக்கு வடிவா வரும்."

சொல்லிக்கொண்டே தன் வண்டிலின் பிடியையும் என் பக்கம் நீட்டினார், காரடியில் கொண்டுபோய் விடச் சொல்லி. நான் வாங்கினேன். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. வாய் காதுவரை இருக்கிற நான் ஒரு சொல்லும் பேசாமல், பதினாறு வருஷப் பழக்கத்தில் கையை நீட்டி வாங்கி, இரண்டு வண்டிலையும் இரண்டு கையால் இழுத்துக்கொண்டு போனேன்.

திரும்பும் வழியில் சிஞ்ஞோரா சொன்னார்.

"போட்டிக்குப் பேர் குடுக்கிற கடைசி நாள் மார்ச் முடிவுச் சனி. அண்டைக்கு ஆறாவதிலை உனக்கு மூண்டு பந்து. ஒண்டு தாண்டினால் உன்ரை பேர். தாண்டாட்டி டாக்குத்தர். கோவிக்காதை. எனக்கும் ஒருக்கால் வெல்லவேணும், எத்தினை ஏப்ரல் மிச்சமெண்டு ஆருக்குத் தெரியும்?"

கோவிக்க எனக்கு இடமில்லை. நியாயமான பேச்சு. இரவு மனுஷனிடம் சொன்னபோது அழுகை வந்துவிட்டது. ஒரு விளையாட்டுக்கு ஐம்பது வயதில் அழுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அது விளையாட்டல்ல என்று அவருக்கும் தெரியும். அந்த மைதானத்தில் சிஞ்ஞோராவுக்குப் பக்கத்தில் நடப்பதா, பின்னால் நடப்பதா என்பதுதான் கேள்வி.

"அப்ப நீளமான தடியாலை அடியுமன்," என்றார்.

"அடிச்சால் தோட்டக்காரனுக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேணும்."

பலெர்மோத் தமிழருக்கு ஒரு கஷ்டம் வந்தால் போகிற இடம் ஒன்றுதான். நகரத்தின் தலைமாட்டில் உள்ள மலை. அதன் உச்சியில் குகைக்குள் இந்த ஊரைக் காக்கிற புனிதை இருக்கிறாள். கிறிஸ்தவ வேதக்காரர், சைவக்காரர் என்று பாராமல் எல்லாத் தமிழரும் போவோம். நாங்கள் சைவம். எனக்கு அவள் மலையம்மா. விசாவுக்கு, பிரசவத்துக்கு, பிள்ளையின் சோதனைக்கு, வேலைக்கு என்று அவளிடம் வைக்காத நேர்த்திக்கடன் இல்லை. நேர்த்திக்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. முதலில் அவள் நடத்தித் தரவேண்டும். பிறகுதான் நாங்கள் செய்வோம். முன்னுக்குச் செய்துவிட்டுப் பிறகு கேட்கிற ஆளை நான் கண்டதில்லை.

அந்த ஞாயிறு காரில் மேலே போய், குகைக்குள் கண்ணாடிக்குப் பின்னால் சிலையாகப் படுத்திருக்கிறவளைப் பார்த்துச் சொன்னேன். "இருபது மீற்றர் காணாமல் போட்டுது. திருப்பித் தா. தந்தால் ஏழு ஞாயிறு அடிவாரத்திலையிருந்து நடந்து ஏறுவன்." கல்லிலிருந்து தண்ணீர் சொட்டி என் நெற்றியில் விழுந்தது. நல்ல சகுனம் என்று மனம் குளிர்ந்து, காரில் இறங்கி வீட்டுக்கு வந்தேன்.

என் பங்குக்குக் கையையும் கவனித்தேன். சிஞ்ஞோராவின் குசினியில் ஐந்து லீற்றர் ஒலிவ் எண்ணெய்த் தகரங்கள் இரண்டு இருந்தன. காலையில் முப்பது தரம், மாலையில் முப்பது தரம் தூக்கினேன். சிஞ்ஞோரா கதவடியில் நின்று பார்த்தார்.

"எண்ணெயைக் குலுக்கினால் பழுதாப் போடும்."

"பழுதானால் நான் குடிக்கிறன்."

"நீ கையாலை அடிக்கிறாய். நான் மூண்டு வருஷமாச் சொல்லுறன். பலம் கீழையிருந்து வரவேணும்."

அவர் அப்படித்தான், மருந்துச்சீட்டு வாசிப்பது போல ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். நான் தகரத்தைத் தூக்கினேன். நாலு சனிக்கிழமை போனது. தோள் இறுகியது, இறுகியதை மனுஷனிடம் தொட்டுக்காட்டினேன். மார்ச் முதற் சனி பந்து தொண்ணூற்றிரண்டில் விழுந்தது. கூடவில்லை, மூன்று குறைந்துபோனது. எனக்கு மலையம்மாவில் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏழு ஞாயிறு நடக்கிறேன் என்றல்லவா சொன்னேன், அது கொஞ்சமா? அவளுக்கு இன்னும் என்ன வேண்டுமாம்?

அடுத்தநாள் ஞாயிறு, காரின் கிளச் போய்விட்டது. மனுஷன் அதைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார், இழவு வீட்டு முகத்தோடு. எங்களுக்குக் கீழ் மாடியில் மன்னார் அக்கா ஒருவர் இருக்கிறார். அறுபத்தொரு வயது. செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஞாயிறு தவறாமல் மலை ஏறுகிறவர். "வாறியோ பிள்ளை?" என்றார். வாறன் என்று இறங்கினேன். மலையம்மாவோடு நேரே பேசவேண்டிய கணக்கு ஒன்று இருந்தது.

அடிவாரத்திலிருந்து பழைய கல் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. முதல் வளைவில் எனக்கு மூச்சு வாங்கியது. இரண்டாவதில் துடை நடுங்கியது. மூன்றாவதில் ஒரு கல்லைக் கண்டு குந்திவிட்டேன். பாதை முழுவதிலும் ஒன்பது தரம் குந்தினேன். அக்கா ஒவ்வொரு தரமும் செபமாலையில் ஒரு மணியைப் பிடித்தபடி நின்று என்னைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, சுகமில்லையோ? போன வருஷம் எனக்கு முன்னாலை கதைச்சுக் கதைச்சு ஓடுவாயே. நான்தான் பின்னாலை இழுபட்டு வாறனான்."

"அது போன வருஷம் அக்கா."

"கார் வாங்கினாப்பிறகு உன்னை இந்தப் பாதையிலை காணேல்லை."

கார் வாங்குமுன் ஒன்பது வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பாதையால் ஏறியிருக்கிறேன். நேர்த்தியென்று நினைத்தல்ல. பஸ்ஸுக்கு நின்றால் நேரம் போகும், நடந்தால் ஊர்ப்புதினம் கதைக்கலாம், அவ்வளவுதான். ஒக்டோபருக்குப் பிறகு ஒரு நாள்கூட இல்லை. நடுங்குகிற துடையில் கையை வைத்துப் பார்த்தேன். பலம் கீழையிருந்து வரவேணும். சிஞ்ஞோரா மூன்று வருஷமாகச் சொன்னது அந்தக் கல்லில் குந்தியிருக்கும்போதுதான் என் மண்டையில் ஏறியது.

அக்காவிடம் நேர்த்தியின் கதையைச் சொன்னேன். அவர் செபமாலையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அட விசரி. தூரம் தந்தால் நடப்பனெண்டு சொன்னியோ? நடந்தால்தானே தூரம் வரும். அந்த மனுஷி மேலை படுத்திருந்து எப்பிடிச் சிரிச்சிருக்கும்."

மேலே போய்ச் சேர்ந்ததும் குகைக்குள் நின்று நேர்த்தியைத் திருத்தினேன். "நான் முன்னுக்கே நடக்கிறன். நீ பிறகு தா. இதை ஆருக்கும் சொல்லிப்போடாதை, பிறகு எல்லாரிட்டையும் இப்பிடிக் கேப்பாய்." அன்று தண்ணீர் என் நெற்றியில் சொட்டவில்லை. அக்காவின் நெற்றியில்தான் சொட்டியது.

மூன்று ஞாயிறுதான் மிச்சம். ஏழு ஏற்றத்துக்கு அது காணாது. அதனால் செவ்வாயும் வியாழனும் விடியப்புறம் முதல் பஸ்ஸில் அடிவாரத்துக்குப் போய், ஏறி இறங்கி, ஒன்பது மணிக்கு லிபெர்த்தாவில் கோப்பி போட்டேன். முதல் கிழமை படி இறங்கக்கூட ஏலவில்லை. சிஞ்ஞோராவின் குளியலறைத் தரையைத் துடைக்கக் குனிந்தவள் எழும்ப ஏலாமல் தொட்டியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். நோகிற இடுப்புக்கும் நாரிக்கும் எண்ணெய் போட்டு மனுஷன் உருவிவிட்டார். உருவிவிட்டுக்கொண்டே காருக்காக வாதாடினார். கிளச் திருத்தியாயிற்றாம், புதுசு போல ஓடுகிறதாம்.

அவருக்கு என் நடை பெரிய மனத்தாங்கல். ஞாயிற்றுக்கிழமை மனுஷி நடக்க, தான் காரில் போனால் ஊர் என்ன சொல்லும்? நடக்கவும் அவருக்கு மனமில்லை. அந்தப் பழைய பாதை கார் ரோட்டை நாலைந்து இடத்தில் குறுக்கே வெட்டிப் போகிறது. அவர் என்ன செய்தார் என்றால், ஒவ்வொரு வெட்டிலும் காரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, காத்துக்கொண்டு நின்றார். நான் மூசி மூசி வந்து ரோட்டைக் கடக்கும்போது உள்ளே குளிரூட்டி ஓடுகிற சத்தம் கேட்கும்.

"ஏறும். ஒருத்தரும் பாக்கேல்லை."

"மலையம்மா பாத்துக்கொண்டிருக்கிறா."

"அவவுக்கு ஒரு மெழுகுதிரி கூடக் கொளுத்துவம். ஏறுமன்."

"பேசாமல் போங்கோ. வாயைக் குடுத்தனெண்டால் எனக்கு மூச்சு முட்டும்."

அடுத்த வெட்டில் மறுபடி அவர். முன் இருக்கையை எனக்கென்று துடைத்து, தண்ணீர்ப் போத்தல் ஒன்றும் திறந்து வைத்திருந்தார். அந்தப் போத்தலைக் கண்டபோது எவ்வளவு ஆசை வந்ததென்று எனக்குத்தான் தெரியும். கண்ணாடிக்குள்ளால் கையை விட்டுப் போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தேன். இரண்டாவது ஞாயிறு மூன்று தரம் குந்தினேன். மூன்றாவது ஞாயிறு ஒரு தரமும் இல்லை. அக்கா பின்னால் இழுபட்டு வந்தார்.

அந்த மூன்று கிழமையும் நான் பந்தைத் தொடவில்லை. பயம்தான் காரணம். தொட்டு, அது தொண்ணூறில் விழுந்தால், மிச்ச நாள் மலை ஏற மனம் வராது. சிஞ்ஞோரா கேட்டபோது தோள் நோகிறது என்று பொய் சொன்னேன். அவர் எண்ணெய்த் தகரங்களைப் பார்த்தார். அதில் தூசி பிடித்திருந்தது.

மார்ச் கடைசிச் சனி வந்தது. கடல் பக்கத்திலிருந்து கொஞ்சம் காற்று, எதிர்க்காற்று. ஆறாவது குழியடியில் மச்சாள் நின்றார், பக்கத்தில் பல் டாக்குத்தர். நாற்பது வயதுக்காரர், மரியாதையான ஆள், என்னைக் கண்டதும் தொப்பியைத் தொட்டார். என் மனுஷனும் வந்திருந்தார். வாழ்நாளில் முதல் தரம் கோல்ஃப் மைதானத்தைப் பார்க்கிறார், அதனால் குசினிச் சப்பாத்தோடு புல்லின் ஓரத்தில் பயந்து பயந்து நின்றார்.

"மூண்டு," என்றார் சிஞ்ஞோரா. பந்துகளை என் கையில் வைத்தார்.

முதல் பந்துக்கு என் பழைய புத்திதான் வந்தது. எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற ரோசத்தில் தோளால் இழுத்து அடித்தேன். நாணலுக்குள் போய்விட்டது. மச்சாள் மெதுவாக, "பாவம்" என்றார். அந்தச் சொல்லுக்கு நான் அவருக்கு நன்றி சொல்லவேண்டும். எனக்குத் தலைக்குள் விர்ரென்று ஏறியது, ஏறியதும் நான் தடியை நிலத்தில் ஊன்றிக்கொண்டு கண்ணை மூடினேன். இந்தக் கோபத்தைக் கையில் விட்டால் கெட்டது. மலைப் பாதையில் கடைசி ஏற்றம் ஒன்று இருக்கிறது, அதில் குதியை அழுத்தி, துடையை இறுக்கி, இடுப்பைத் திருப்பித்தான் மேலே எழும்பமுடியும். அதை நினைத்துக் குதியைப் புல்லில் அழுத்தினேன். துடை நடுங்கவில்லை. கல்லாக நின்றது.

இரண்டாவது பந்தை அடித்தபோது கைக்கு ஒன்றும் தெரியவில்லை. தடி தானாகப் போய்த் தானாக வந்தது போல இருந்தது. சத்தம் மட்டும் வேறு. பந்து காற்றுக்குள் ஏறி, ஏறிக்கொண்டே போய், நாணலுக்கு மேலால், கள்ளிக்கு மேலால், அக்கரைக்கு மேலால் போய், கொடிக்குப் பின்னால் புல்லின் விளிம்பில் தொப்பென்று விழுந்து நின்றது. எதிர்க்காற்றில் நூற்றுப்பதினெட்டு. இருபதைக் கேட்டேன், அதற்கு மேலும் வந்திருந்தது.

சிஞ்ஞோரா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"போதும்," என்றார். "மூண்டாவது தேவையில்லை."

"தேவை," என்றேன். ஒரு தரம் போனது அதிர்ஷ்டம் என்று சொல்ல மச்சாளுக்கு ஒரு சாட்டு வைக்க எனக்கு விருப்பமில்லை. மூன்றாவதையும் வைத்து அடித்தேன். அது இரண்டாவதற்குப் பக்கத்தில் போய் நின்றது. அங்கிருந்து பார்க்க இரண்டு முட்டை கிடப்பது போல இருந்தது. பல் டாக்குத்தர் கை தட்டினார். என் மனுஷன் எதற்குத் தட்டவேண்டும் என்று தெரியாமல், டாக்குத்தரைப் பார்த்துத் தானும் தட்டினார். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. மறைக்கவில்லை. சிஞ்ஞோரா அங்கேயே படிவத்தை எடுத்து, என் முதுகில் வைத்து, என் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினார்.

ஏப்ரலில் நாங்கள் வென்றோம். ஓர் அடியாலல்ல, நாலு அடியால். ஆறாவது குழியில் மச்சாளின் சோடி அடித்த பந்து நாணலுக்குள் போனது, நான் அடித்தது கொடிக்கு இரண்டு மீற்றர் கிட்ட. சிஞ்ஞோரா அதை மெல்லத் தட்டிக் குழிக்குள் விட்டுவிட்டு, முறிந்து ஆறிய மணிக்கட்டை உயர்த்திக் காட்டினார். பரிசு என்ன என்றால், பக்கத்துத் தோட்டத்து மந்தரீன், அந்தப் பருவத்தின் கடைசிப் பெட்டிகள் இரண்டு. என் பந்துகளுக்காகச் சத்தம் போட்ட அதே தோட்டக்காரர்தான் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் யாருடைய வெற்றி என்று பெரிய வழக்கு. மலையம்மாவுடையது என்றார் அக்கா. தான் சொல்லித்தந்தது என்றார் சிஞ்ஞோரா. கிளச் போகாவிட்டால் ஒன்றும் நடந்திராது என்று காருக்காக நின்றார் மனுஷன். நான் மந்தரீன் உரித்துத் தின்றுகொண்டு எல்லாருக்கும் ஓம் ஓம் என்றேன்.

பரிசு கொடுத்து முடிந்தபின் மச்சாள் என்னிடம் வந்தார். பதினாறு வருஷத்தில் அவர் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தரம்.

"நீ எங்கை பழகிறனீ?"

"மலையிலை."

"மலையிலை கோல்ஃப் மைதானம் இல்லையே."

"இல்லை. பாதை இருக்கு. ஞாயிறு ஏழு மணிக்கு வாங்கோ."

வாயில் வந்ததைச் சொன்னேனே தவிர, வருவார் என்று நினைக்கவில்லை. ஞாயிறு ஏழு மணிக்கு அடிவாரத்தில் வெள்ளைச் சப்பாத்தும் வெள்ளைத் தொப்பியும் நின்றன, தோளில் ஒரு பெரிய கைப்பையோடு. அக்கா என் விலாவில் இடித்தார். நேர்த்தியில் எனக்கு இன்னும் ஓர் ஏற்றம் கூட மிச்சமில்லை, ஏழுக்கு மேலேயே ஏறி முடித்திருந்தேன். ஆனால் கால் கேட்காமல் தானாக நடந்தது.

முதல் வளைவில் மச்சாள் கதைத்தார். இரண்டாவதில் கதை நின்றது. ரோட்டைக் கடக்கிற முதல் வெட்டில் சாம்பல் நிறக் கார் காத்துக்கொண்டு நின்றது, கண்ணாடி இறக்கியபடி. என் மனுஷன் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார், பக்கத்தில் நின்றவரின் முகத்தைக் கண்டார், தனக்குத் தெரிந்த இத்தாலியனில் மிக மரியாதையாக, "சிஞ்ஞோரா, இடம் இருக்கு" என்றார்.

மச்சாள் ஏறிவிட்டார். எனக்கென்று துடைத்து வைத்திருந்த முன் இருக்கையில். என் தண்ணீர்ப் போத்தலும் போயிற்று. நானும் அக்காவும் நடந்தோம். ஞாயிற்றுக்கிழமை மலை உச்சியில் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை என்று பலெர்மோவில் எல்லாருக்கும் தெரியும், என் மனுஷனுக்கு மட்டும் ஒவ்வொரு கிழமையும் புதிதாகத் தெரியும். நாங்கள் மேலே போய்ச் சேர்ந்து, முகம் கழுவி, மெழுகுதிரி வாங்கி, கோயில் படியில் நின்றபோதும் சாம்பல் நிறக் கார் மூன்றாவது சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசியில் மச்சாள் தூரத்தில் இறங்கி நடந்து வந்தார். படியடியில் நின்று மூச்சு வாங்கினார். மேலே நிற்கிற என்னைப் பார்த்துக் கைப்பையைக் கழற்றி நீட்டினார், பழக்கத்தில். என் கையும் பழக்கத்தில் அசைந்தது. நான் அந்தக் கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

நீட்டிய பை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மச்சாள் அதைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அடுத்த கிழமையும் ஏழு மணிதானே?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன். "கார் வராது."